மூன்றாவது ஆள்

வண்டி என் பேரில். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, ஸ்கூட்டர்கூடத் தெரியாது, சைக்கிள் தெரியும், அதுவும் பள்ளிக்கூடத்தோடு போயிற்று, ஆனாலும் இந்த ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் பாதி நிழலிலும் பாதி வெயிலிலும் நிற்கிற வெள்ளைக் கார் இன்னும் கொஞ்ச நேரத்தில் கமலவேணியாகிய என் பேருக்கு வந்துவிடும். பாலக்காட்டில் ஒரு டாக்டர் வைத்திருந்த வண்டி. கேரளா நம்பரை எடுத்துவிட்டுத் தமிழ்நாட்டு நம்பர் வாங்க வேண்டும், அதற்குத்தான் காலையிலிருந்து காத்திருக்கிறோம், நான் வண்டிக்குள்ளே, வீட்டுக்காரர் வெளியே. வெளியே என்றால் சும்மா நிற்கவில்லை, தர்பார் நடத்திக்கொண்டிருக்கிறார். டிரைவிங் ஸ்கூல்காரர்கள், டீக்கடைக்காரர், லாரியை எஃப்.சி. பரிசோதனைக்குக் கொண்டுவந்த டிரைவர்கள், எல்லோருக்கும் சென்னியப்பன் அண்ணனைத் தெரியும். கவர்மெண்ட் பஸ்ஸை வால்பாறை மலைப்பாதையில் ரிட்டயர் ஆகிற வரைக்கும் ஓட்டியவர், ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை, கலெக்டர் கையால் மெடல் வாங்கியவர். "அண்ணன் ஓட்டுனா கண்ண மூடித் தூங்கிக்கிட்டே போலாம்" என்று யாரோ சொல்கிறார்கள், அவர் சிரிக்கிறார், அந்தச் சிரிப்பு எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து பிடிக்கும், இன்றைக்கு மட்டும் பார்க்க முடியவில்லை. பேசிக்கொண்டே வலது காலை லேசாக உதைத்து உதைத்து வைக்கிறார். பார்க்கிறவர்களுக்குச் செருப்பு மண்ணைத் தட்டுகிற மாதிரி இருக்கும். எனக்குத் தெரியும், கால் தரையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறார்.

ஏன் என் பேரில் என்றால் ஜாதகம். உடுமலை ஜோசியர் கட்டத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார், இவருக்கு வாகனத்தால் ஒரு கண்டம் இருக்கிறது, சனி நகர்கிற வரைக்கும் சக்கரம் வைத்த எதையும் இவர் பேரில் வாங்க வேண்டாம், அம்மாவுக்கு வாகன ஸ்தானம் ஜம்மென்று இருக்கிறது, அம்மா பேரில் வாங்குங்கள் என்றார். "அப்ப இத்தன வருசம் பஸ் ஓட்டுனனேங்க" என்று இவர் கேட்க, "அது கவர்மெண்ட் பேருல இருந்துச்சுங்க, கவர்மெண்ட்டுக்கு ஏதுங்க ஜாதகம்" என்றார் அவர். இவர் திருப்தியாக எழுந்துவிட்டார். ஆயுசு பூராவும் அடுத்தவன் வண்டியை ஓட்டிப் பழகியவருக்குப் பெண்டாட்டி வண்டியை ஓட்டுவதில் என்ன வருத்தம். எனக்குத்தான் ஒரு சந்தேகம் வந்தது. கண்டம் பேரைப் பார்த்து வருமா, ஆளைப் பார்த்து வருமா? பேரை மாற்றிவிட்டால் அது என்ன செய்யும், அந்த ஆள் இங்கே இல்லையாம் என்று தபால்காரர் மாதிரி திரும்பிப் போய்விடுமா, இல்லை, சரி வந்ததுதான் வந்தோம் என்று உள்ளே இருக்கிறவர் பேரை விசாரிக்குமா? இதை நான் கேட்டிருந்தால் ஜோசியர் ஒரு பரிகாரம் சொல்லியிருப்பார், இவர் என்னை முறைத்திருப்பார். கேட்கவில்லை. எனக்கு இப்போதெல்லாம் கேட்காமலிருப்பதே வேலையாகிவிட்டது.

புரோக்கர் தனபால் அதோ ஓடுகிறான், கக்கத்தில் ஃபைலோடு. இன்சூரன்ஸும் அவன்தான், ஆர்.டி.ஓ. வேலையும் அவன்தான். அவன்தான் போன வாரம் எங்கள் வீட்டு ஹாலில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து எனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன் பேர்வழி என்று சொல்லிவிட்டுப் போனான், அதிலிருந்து தூக்கம் போச்சு. இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டியை ஆபீஸ் கேட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள், டாக்டர் பேரில் இருக்கிற இன்சூரன்ஸ் செல்லாது, ஆர்.சி. புக்கு யார் பேரில் வருகிறதோ அவர் பேரிலேயே அதுவும் இருக்க வேண்டும் என்றான். சரி என்றேன். "அம்மாவுக்கு லைசென்ஸ் இருக்குதுங்களா?" இல்லை என்றேன். "அப்ப ஓனருக்கு அடிபட்டா குடுக்கற பணம் உங்களுக்கு வராதுங்க, லைசென்ஸ் இருக்கற ஓனருக்குத்தான்." அண்ணனுக்கு வருமா என்று கேட்டேன். "அண்ணன்கிட்ட லைசென்ஸ் இருக்குது, ஆனா அவரு ஓனர் இல்லீங்களே" என்று சிரித்தான். ஓட்டுகிறவர் ஓனர் இல்லை, ஓனருக்கு ஓட்டத் தெரியாது. ஜோசியரும் இன்சூரன்ஸும் ஒன்றாகக் கூடிப் பேசி எங்கள் இருவரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திய மாதிரி இருந்தது. "பின்ன யாருக்குத்தான் சாமி அந்த இன்சூரன்ஸு" என்றேன், கொஞ்சம் எரிச்சலாகவே. "மூணாவது ஆளுக்குங்க. அதுதானுங்க முக்கியம், அது இல்லாமத்தான் ரிஜிஸ்தர் பண்ண மாட்டாங்க. மொத ஆளு நீங்க, ரெண்டாவது கம்பெனி, மூணாவது ஆளு ரோட்டுல போறவன்." எந்த ரோட்டில் போகிறவன்? "எந்த ரோட்டுலயாச்சும் போறவன்." அவனுக்குத் தெரியுமா? தனபாலுக்கு என் கேள்வி புரியவில்லை. எனக்குப் புரிந்தது. எங்கேயோ ஒருவர் இன்றைக்குக் குளித்துச் சாப்பிட்டுத் தன் பாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார், அவருக்காக இங்கே பத்திரம் தயாராகிறது, கையெழுத்துப் போடுவது நான்.

அதிலிருந்து எங்கே பார்த்தாலும் மூன்றாவது ஆளாகத்தான் தெரிகிறார்கள். இதோ மதில் ஓரம் கொய்யாப்பழம் விற்கிறவள், கூடையை நகர்த்தி நகர்த்தி நிழலைத் துரத்துகிறாள், இவளாக இருக்குமோ. லைசென்ஸுக்கு வண்டியில் எட்டுப் போட வந்து முறை வராமல் செல்போனை நோண்டுகிற பெண், தலையில் பூ வைத்திருக்கிறாள், இவளாக இருக்குமோ. தனபால் அன்றைக்கு இன்னொன்றும் சொன்னான், அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. "ஓட்டறவருக்கு லைசென்ஸ் சரியா இருக்கோணும், உடம்பும் சரியா இருக்கோணுமுங்க. தெரிஞ்சே மறைச்சதுன்னு வந்துச்சுன்னா கம்பெனி அந்த ஆளுக்குக் குடுத்துப்போட்டு நேரா ஓனர்கிட்ட வந்து நிக்கும்." சும்மா பொதுவாகத்தான் சொன்னான், இவருக்குச் சமமாய் உட்காரவே கூச்சப்படுகிறவன், இவரை மனதில் வைத்துச் சொல்லியிருக்க மாட்டான். நான்தான் டம்ளரை எடுக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். தெரிஞ்சே மறைச்சது. தெரிந்தது எனக்கு. மறைத்ததும் நான்தான்.

எப்போது தெரிந்தது என்று யோசித்தால் ஒரு நாளைச் சொல்ல முடியவில்லை, கறை மாதிரி மெதுவாகத்தான் தெரிந்தது. கடைக்குப் போய் உளுந்து வாங்கி வந்தார், ஒரு காலில் செருப்பு இருக்கிறது, வலது காலில் இல்லை. "செருப்பு எங்கீங்க" என்றேன், குனிந்து பார்த்தார், பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அந்த முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. அப்புறம் சிரித்துச் சமாளித்தார், செருப்பு லூசு என்றார், நான் போய் எடுத்து வந்தேன், சந்து முனையில் கிடந்தது, அத்தனை தூரம் வெறுங்காலில் நடந்திருக்கிறார், ரோடு கொதிக்கிற நேரம். பிறகு டிவி பார்த்துக்கொண்டிருந்தவர் குதிகாலில் ஒரு ஆணி முனை, ரத்தம் காய்ந்து கறுத்து, எப்போது ஏறியதோ. சுகர் என்றால் மரத்துப்போவது சகஜம், எல்லோருக்கும் அப்படித்தான் என்றார். சரி என்று தினமும் சாப்பாடு முடிந்ததும் எண்ணெய் தேய்த்துவிட ஆரம்பித்தேன். ஒரு நாள் விளையாட்டுக் காட்டுகிற மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு சொல்லுங்கள், எந்த விரலைத் தொடுகிறேன் என்றேன். சுண்டு விரலைப் பிடித்தேன், கட்டை விரல் என்றார். நடு விரலைப் பிடித்தேன், சுண்டு விரல் என்றார். அப்புறம் கையை எடுத்துவிட்டேன், ஒன்றையுமே தொடவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு, பரீட்சையில் தெரியாத கேள்விக்கு எதையாவது எழுதுகிற பையன் மாதிரி, கட்டை விரல் என்றார். சரியாகச் சொன்னீர்கள் என்றேன். எனக்கு அழுகை வந்தது, எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அதற்கப்புறம்தான் கார் பேச்சு வந்தது. வந்ததுமே கியர் இல்லாத வண்டிதான் வேண்டும் என்று நின்றார். மகள் திருப்பூரிலிருந்து போனில், அப்பா நல்ல முடிவு, ட்ராஃபிக்கில் சுகம் என்றாள். வாழ்நாள் எல்லாம் கியர் போட்டவருக்கு இப்போது கியர் ஏன் கசக்கிறது என்று அவளுக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. இடது கால் இன்னும் மோசம், கிளட்ச் மிதிக்க முடியாது. கியர் இல்லாத வண்டியில் ஒரு கால் போதும். லைசென்ஸ் புதுப்பிக்க டாக்டர் சர்டிபிகேட் கேட்டார்கள், டாக்டர் கண்ணைப் பார்த்தார், எழுத்துக்களைப் படிக்கச் சொன்னார், பி.பி. பார்த்தார், கால் பக்கம் திரும்பவே இல்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன். டாக்டர், கொஞ்சம் காலையும் பாருங்கள் என்று நான்கு வார்த்தை. வாயில் வந்தது, இவர் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு ரிட்டயரான டிரைவருக்குரிய மிடுக்கோடு எழுந்தார், நானும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். இன்று காலை ரயில்வே கேட்டில் முன்னால் நின்ற ட்ராக்டருக்குக் கை அகலத்தில்தான் வண்டி நின்றது. நிற்பதற்கு முன்னால் எதையோ தேடுகிற மாதிரி ஒரு நொடி குனிந்தார். என்ன விழுந்துவிட்டது என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

பிரேக் இன்ஸ்பெக்டர் வருகிறார். எல்லோரும் நிமிர்கிறார்கள், டீ டம்ளர்கள் கீழே போகின்றன. வயசுப் பையன், கறுப்புக் கண்ணாடி, கையில் காகிதம் செருகிய எழுதுகிற பேட். தனபால் குனிந்து வண்டிக்கு அடியில் எதையோ துடைத்து, ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து, பென்சிலால் தேய்க்கிறான், சேஸிஸ் நம்பர் ஒவ்வொரு எழுத்தாகக் காகிதத்தில் ஏறுகிறது, சின்ன வயதில் நாலணாவை வைத்துத் தேய்ப்போமே அதே மாதிரி. இரும்பில் வெட்டிய நம்பர் பொய் சொல்லாது என்கிறார் இன்ஸ்பெக்டர், யாரிடம் என்று தெரியவில்லை. இவர் போய் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தார். லைட்டைப் போடச் சொன்னார் இன்ஸ்பெக்டர், இவர் போட்டார். ஹாரன் அடிக்கச் சொன்னார், அடித்தார். வைப்பர். "வண்டிய எடுத்துட்டுப் போயி அந்த வெள்ளக் கோட்டுல நிறுத்துங்க பெரியவரே" என்று சொல்லிவிட்டுக் கோட்டுக்கு அந்தப் பக்கமாகப் போய் நின்றுகொண்டார். பெரியவரே என்றதும் இவர் தாடை இறுகியது. தனபால் ஓடிப்போய் இன்ஸ்பெக்டர் காதில் ஏதோ சொன்னான், வால்பாறை என்று மட்டும் கேட்டது, அவர் தலையாட்டினார். நான் இறங்கவில்லை, யாரும் இறங்கச் சொல்லவில்லை. வண்டி நகர்ந்தது. கோடு நெருங்கியது, சுண்ணாம்புக் கோடு, பாதி அழிந்தது. இவர் குனிந்தார். வண்டி கோட்டைத் தாண்டியது, இன்ஸ்பெக்டர் பின்னால் ஒரு எட்டு வைத்தார், அப்புறம் இன்னொரு எட்டு, அப்புறம்தான் வண்டி நின்றது. பானெட்டுக்கும் அவருடைய பேட்டுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்க இடமில்லை. பிறகு இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "பஸ் மிதிச்ச காலு, பிரேக்கு மெதுவாத்தான் புடிக்கும்" என்று தனபாலும் சேர்ந்து சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள், இவர்கூட.

"ஓனர் யாரு?" நானுங்க என்று இறங்கினேன், முந்தானையைச் சரி செய்துகொண்டேன், எதற்கென்று தெரியவில்லை. "லைசென்ஸ் இருக்காம்மா?" இல்லீங்க. "அப்ப வண்டி ஓட்டறது?" இதைத்தான் கேட்பார் என்று தெரியும், என்ன சொல்ல வேண்டும் என்பதும் வழியெல்லாம் தயாராக இருந்தது: அவருக்குக் காலில் உணர்ச்சி இல்லீங்க. அவ்வளவுதான், மூச்சு விடுகிற நேரம். ஆனால் இவர் நின்ற நிற்பைப் பார்த்தேன். வண்டிக் கதவில் கை வைத்துக்கொண்டு, வயிற்றை உள்ளே இழுத்து, மலைப்பாதையில் டிரிப் முடித்து இறங்கி வந்து டெப்போவில் நிற்பாரே, அப்படி நிற்கிறார். சுற்றிலும் அண்ணன் அண்ணன் என்கிற முகங்கள். இங்கே நான் சொன்னால் சாயங்காலத்துக்குள் டெப்போவுக்குத் தெரியும், நாளைக்கு வால்பாறை வரைக்கும் தெரியும், சென்னியப்பனுக்குக் கால் போச்சாம். வீட்டில் சொல்லிக்கொள்ளலாம், வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம். ஆனால் வீட்டுக்குப் போவதே இந்த வண்டியில்தானே, இவர்தானே ஓட்டப் போகிறார். "யாரும்மா ஓட்டறது?" இன்ஸ்பெக்டர் பேனாவைத் தட்டினார். "எங்கூட்டுக்காரருங்க" என்றேன். எழுதிக்கொண்டார். தனபால் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து இத்தனை நன்றாக வந்ததே இல்லை, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நின்றது.

தனபால் கையாட்டினான், புக்கு தபாலில் வரும் என்றான். நான் இவர் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டேன். மைதானத்தை விட்டு வெளியே வந்ததும் மெயின் ரோடு, சாயங்காலம் பள்ளிக்கூடம் விடுகிற நேரம், சைக்கிள்கள் ஆபீஸ் மதிலை ஒட்டி வரிசையாக வந்துகொண்டிருந்தன. "ஏனுங்க, சித்த நிறுத்துங்க" என்றேன். மறுபடி குனிந்துவிட்டு நிறுத்தினார், கேட்டுக்குப் பக்கத்திலேயே. "காலு தெரியுதுங்களா?" என்று கேட்டேன். கேட்டேவிட்டேன். ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் எதிர்பார்த்தது கோபம், கோபம் வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "தெரியாது கமலா" என்றார். "பாத்துத்தான் வெக்கறேன்." எதை? "கால. குனிஞ்சு ஒரு பார்வ பாத்து பிரேக்குல வெச்சுருவேன். அப்பறம் ரோட்டப் பாத்துக்குவேன். பழகிப்போச்சு." காலையில் ரயில்வே கேட், அதற்கு முன்னால் சந்தைத் திருப்பம், பள்ளிவாசல் முனை, ஒவ்வொரு இடமாக எனக்கு வந்து போயிற்று, அத்தனை இடத்திலும் குனிந்துதான் வந்திருக்கிறார், அந்த நேரத்தில் ரோட்டை யார் பார்த்தார்கள்? "சாவியக் குடுங்க" என்றேன். அடித்தாலும் கொடுக்க மாட்டார் என்று நினைத்துத்தான் கேட்டேன். எடுத்துக் கொடுத்துவிட்டார். என் உள்ளங்கையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் கை எப்போதும் எதையாவது பிடித்துக்கொண்டே இருந்த கை, மடியில் எப்படி இருப்பது என்று அதற்குத் தெரியவில்லை, ஒன்றன் மேல் ஒன்று ஏறி இறங்கியது. மூக்கை உறிஞ்சினார். கல்யாணமானதிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை, இப்போதும் பார்க்கக் கூடாது என்று வெளியே பார்த்தேன்.

டீக்கடையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்க்கிறார்கள். ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியே வருகிறார், டிரைவிங் ஸ்கூல்காரர், முன்னே கண்ணை மூடிக்கொண்டு தூங்கலாம் என்று சொன்னது இந்த ஆள்தானோ. இந்த ஆளிடம் சொல்லலாம். கொஞ்சம் வீடு வரைக்கும் ஓட்டி வாருங்கள் என்று சொன்னால் வருவார், காசுகூட வாங்க மாட்டார், பக்கத்து சீட்டில் சென்னியப்பன் அண்ணன் உட்கார்ந்து வருவார், பின்னால் நான். ஊருக்குள் நுழையும்போது எல்லோரும் பார்ப்பார்கள். அதனால் என்ன, பார்த்துவிட்டுப் போகட்டும் என்று மனசு சொன்னது, நன்றாகத் தெளிவாகச் சொன்னது, எனக்குக் கேட்டது. "என்னண்ணா, ஸ்டார்ட் ஆவலீங்களா?" என்று ஜன்னலில் கை ஊன்றிக் குனிந்தார் அவர். இவர் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார், என்னை விடச் சின்ன ஆளாக இருந்தார். "ஒண்ணுமில்லீங்க" என்றேன் நான். "தண்ணி குடிக்க நிறுத்துனோம்."

டிரைவிங் ஸ்கூல்காரர் போனதும் சாவியை நானே துவாரத்தில் வைத்தேன். வண்டி என் பேரில்தானே. சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலை டாஷ்போர்டுக்குக் கீழே போகிற மாதிரி குனிந்தேன். அங்கே இருட்டாக இருந்தது, பெட்ரோல் வாடையும் எண்ணெய் வாடையும் அடித்தது, அது நான் தேய்த்துவிட்ட எண்ணெய். இரண்டு பெடல், அதற்கு முன்னால் அவர் கால், எங்கே போக வேண்டும் என்று தெரியாமல் நின்றது. "நீங்க ரோட்ட மட்டும் பாருங்க" என்றேன். "கால நான் பாத்துக்கறேன்." மேலே சாவி திரும்புகிற சத்தம் கேட்டது. பிறகு வண்டி உறுமியது. கால் தூக்கிக்கொண்டு வந்தது. "இன்னும் எடது பக்கம்" என்றேன், "இன்னுங் கொஞ்சம், ம், இப்ப பிரேக்கு மேல இருக்குது, மிதிங்க." வெளியே சைக்கிள் மணிகள் கேட்டன, யாரோ குழந்தைகள் சிரித்தார்கள், பக்கத்தில் ஒரு பஸ் ஹாரன் நீளமாக அடித்தது. நான் நிமிரவில்லை. கால் ஆக்ஸிலேட்டருக்கு நகர்ந்தது, வண்டி ரோட்டில் ஏறியது.